பவுனம்மாள் கொடுத்த நம்பர்

பவுனம்மாளிடம் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம், ரயில்வே கேட்டைப் பற்றி மட்டும் வாயைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் போச்சு, அன்றைய பொழுது அவ்வளவுதான். திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற பக்கம், சரக்கு ரயில் அதிகம் ஓடுகிற ஒரு தடத்தில் அவள் பத்தொன்பது வருஷமாகக் கேட் கீப்பர். அந்தப் பத்தொன்பது வருஷத்தில் அவள் காதில் விழுந்த வசவையெல்லாம் மூட்டை கட்டினால் ஒரு கண்டெய்னர் கொள்ளாது. "ட்ரெயினே வரல, இன்னாத்துக்கு மூடிக்கினு குந்தினு கீற?" என்பதுதான் அதில் ரொம்ப மரியாதையான கேள்வி. மற்றதையெல்லாம் எழுத்தில் போட முடியாது.

சரி, எதற்குத்தான் மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்? கேட்பவர்களுக்குப் பதில் வேண்டாம், கத்த வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டுக்குப் போன் செய்வார். இன்ன வண்டி வருகிறது, கேட்டை மூடு என்பார். பவுனம்மாள் வெளியே வந்து, கைப்பிடியைப் பிடித்து முப்பது சுற்று சுற்றி இரண்டு பக்கத்துக் கம்பத்தையும் இறக்குவாள். பூட்டுவாள். இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் கண்ணால் பார்ப்பாள். அப்புறம் உள்ளே வந்து, அச்சடித்த ஒரு தாளைப் பார்த்துப் போனில் ஒரு நம்பர் சொல்வாள். நாற்பத்தேழு, பதிமூன்று, எண்பத்திரண்டு என்று தாளில் எது அடுத்ததோ அது. அந்த நம்பர்தான் கேட் மூடியாயிற்று என்பதற்கு அவள் கொடுக்கும் வாக்கு. அதை எழுதிக்கொண்ட பிறகுதான் அவர் வண்டிக்கு சிக்னல் கொடுப்பார். சொன்ன நம்பரை அவள் பேனாவால் அடித்துவிடுவாள், மறுபடி அதைப் பயன்படுத்தக் கூடாது. பிரைவேட் நம்பர் என்று இதற்குப் பேர். பத்தொன்பது வருஷத்தில் அவள் வாயிலிருந்து ஒரு பொய் நம்பர் வந்தது கிடையாது.

இதை ஊருக்குப் புரியவைக்க முடியுமா? வீட்டுக்கே புரியவைக்க முடியவில்லை. அவள் புருஷன் பொன்னுரங்கம் காசிமேட்டிலிருந்து விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். ஒருநாள் ஷேர் ஆட்டோவில் வந்து அவள் கேட்டிலேயே மாட்டிக்கொண்டார். பதினைந்து நிமிஷம் ஆயிற்று. கூட்டத்தோடு கூட்டமாக நின்று அவரும், "ஏம்மே, தொறம்மே, தூங்கினியா?" என்று குரல் கொடுத்தார். யார் குரல் என்று பவுனம்மாளுக்குத் தெரியாதா என்ன. கொண்டவனே கத்தினால் அப்துல் வஹாபைச் சொல்லி என்ன பிரயோசனம் என்று அவளுக்கு வெறுத்துப்போயிற்று. இந்த அப்துல் வஹாப் ஒரு கண்டெய்னர் டிரெய்லர் டிரைவர். துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகிறவன். கேட்டில் நின்று கத்துவதற்கு ஏதாவது பட்டம் இருந்தால் அது அவனுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

மறுநாள் வீட்டில் பொன்னுரங்கத்தைத் தரையில் உட்காரவைத்தாள். துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சியை உருவி வரிசையாக வைத்துத் தண்டவாளம் போட்டாள். தீப்பெட்டிகளைக் கோத்து ரயில் செய்தாள். நிலக்கரி ஏற்றிய வண்டி பிரேக் போட்டால் எவ்வளவு தூரம் போய் நிற்கும், அதற்கு எத்தனை நிமிஷம் முன்னால் கேட்டை மூட வேண்டும் என்று ஒரு மணி நேரம் உயிரைக் கொடுத்து விளக்கினாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு அவர், "கொயம்பு கீதா?" என்று கேட்டார்.

குட்டி ரயில் செய்கிற கிறுக்கு அவளுக்குப் பிடித்தது இப்படித்தான். மற்றவர்களுக்கு ஆசையில் பிடிக்கும், அவளுக்கு எரிச்சலில் பிடித்தது. தீப்பெட்டி பார்க்க நன்றாக இல்லை என்று கல்யாணப் பத்திரிகை அட்டையில் நிலக்கரி வேகன் செய்தாள். ஒன்று செய்ததும் அதன் கதவுத் தாழ்ப்பாள் சரியில்லை என்று இன்னொன்று செய்தாள். தினமும் கண்ணெதிரே போகிற வேகன், எந்த இடத்தில் எத்தனை ஆணி என்று அவளுக்கு மனப்பாடம். கட்டிலுக்கு அடியில் ஐம்பத்தெட்டு வேகன் சேர்ந்த பிறகு, படுக்கும்போது காலை நீட்டப் பயமாக இருக்கிறது என்று பொன்னுரங்கம் முறையிட்டார். காலை மடக்கிப் படுக்கச் சொல்லிவிட்டாள்.

லூயிஸ் அவளிடம் வந்து மாட்டியது நாலு வருஷத்துக்கு முன்னால். ராயபுரத்துக்காரன், கப்பலில் மெஷின் ரூம் வேலைக்குப் போய் வருகிறவன். ரயிலைப் போட்டோ பிடிக்கிறேன் என்று மூடிய கேட்டுக்குள் நுழைந்து தண்டவாளத்துக்குப் பக்கத்தில் போய் நின்றான். பவுனம்மாள் சுருட்டிய கொடியால் முதுகில் ஒன்று வைத்து வெளியே இழுத்து வந்தாள். "நா மாடல் செய்றேன்க்கா, அத்தொட்டு போட்டோ" என்று அவன் போனைத் திறந்து காட்டினான். அதில் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு நீல இன்ஜின், பின்னால் பெட்டிகள், ஒரு குட்டி கேட் ரூம். பவுனம்மாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "ரூமு கதவ இந்தப் பக்கம் வெச்சிகீற. கதவு லைன பாத்து இருக்கணும். வர்ற வண்டிய உன் ஆயாவா பாப்பா?" என்றாள். லூயிஸ் அசந்துபோனான். அடுத்த மாதமே அவளைக் குழுவில் சேர்த்துவிட்டான்.

குழு என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மொத்தம் ஏழு பேர். துறைமுக ஆபீசில் கிளார்க்காக இருக்கும் சுப்பராயன் தலைவர். வியாசர்பாடியில் டிவி, மிக்சி ரிப்பேர் பார்க்கும் நிலவன் ஒயரிங். ஆளுக்கு நாலடிக்கு ரெண்டடி ஒரு பலகை. வீட்டில் வைத்து அதில் தங்கள் இஷ்டத்துக்கு ஊரைச் செய்துகொள்வார்கள். பேசின் பிரிட்ஜ் யார்டு, துறைமுகக் கிரேன், மணலி புகைபோக்கி, அவரவர் கண்ட காட்சி. ஆடி மாதத்தில் முகூர்த்தம் கிடையாது, மண்டபம் சும்மா கிடக்கும் என்பதால் ராயபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹாலைச் சுப்பராயன் கேட்டு வாங்குவார். பந்தி மேஜைகளைச் சேர்த்துப் போட்டு, பலகைகளைப் போல்ட் போட்டு இணைத்தால் வட்டம் முடியும், ரயில் சுற்றிச் சுற்றி வரும். சாம்பார் வாசனையில் ஓடும் ரயில் உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று நிலவன் சொல்லுவான்.

பவுனம்மாள் செய்த பலகை அவளுடைய கேட்தான். வேறு எதைச் செய்வாள்? கேட் ரூம், வேப்பமரம், டீக்கடை, வரிசையாக நிற்கும் டிரெய்லர்கள், மூடிய கம்பத்துக்கு அடியில் பைக்கைச் சாய்த்து நுழைகிற ஒரு கடங்காரன். அவன் மூஞ்சிக்கு மட்டும் வஞ்சம் வைத்து கறுப்பு பெயின்ட் அடித்திருந்தாள். கம்பத்தை இறக்க சைக்கிள் ஸ்போக்கை வளைத்து ஒரு கைப்பிடி, அதிலிருந்து கம்பத்துக்குப் பொன்னுரங்கம் மீன் பிடிக்கிற தங்கூஸ் நரம்பு. அதையும் முப்பது சுற்று சுற்றினால்தான் கம்பம் இறங்கும். சரியாக முப்பது.

சண்டை அங்கேதான் ஆரம்பித்தது. இந்த வருஷம் சித்திரையில், சுப்பராயன் வீட்டு மொட்டை மாடியில் போட்ட முதல் ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையிலேயே லூயிஸ் தன் நீல இன்ஜினை விட்டான். அது கேட் திறந்து கிடக்கும்போதே சர்ரென்று பவுனம்மாள் பலகையைக் கடந்து போயிற்று. அவள் லூயிசின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நம்பர் வாங்காம எப்டிடா வண்டி வுட்ட?"

"பொம்ம வண்டிக்கு நம்பராக்கா?"

"பொம்ம வண்டின்னா பொம்ம கேட்டு இன்னாத்துக்கு? பிச்சு கடாசிடு."

நாலு மாதம் இந்த ரோதனை நடந்தது. அவளுக்கு ஒன்றுதான் வேண்டும். தன் பலகைக்குள் வண்டி வருவதற்கு முன்னால் போன் அடித்துக் கேட்டை மூடச் சொல்ல வேண்டும், அவள் மூடி நம்பர் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகு வண்டி நகர வேண்டும். ஊரில்தான் எவனும் மதிக்கவில்லை, ரயிலென்றால் உயிரை விடுகிற இந்த ஆறு பேராவது மதிக்கக் கூடாதா என்பது அவள் ஆதங்கம். மனசுக்குள் இருக்கும்வரை ஆதங்கம், அவள் வாயில் அது வசவாகத்தான் வந்தது. வாட்ஸ்அப்பில் காலை ஆறு மணிக்கு அவள் வாய்ஸ் மெசேஜ் போடுவாள், ஆறரைக்கு சுப்பராயனுக்குத் தலைவலி வரும். லூயிஸ் பாட்டுக்குக் கேட் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் வண்டியை விட்டுக்கொண்டேயிருந்தான். கேட்டால் பல்லைக் காட்டுவான்.

கடைசியில் சுப்பராயன் கையெடுத்துக் கும்பிட்டார். "பவுனம்மா, உங்களோட பேஜாரா பூட்ச்சு. ஆடி கடைசி ஞாயித்துக்கெயம எக்ஸிபிஷன். அன்னிக்கு ஒரு நாள் நம்பர் போட்டே ஓட்டலாம். ஒயுங்கா நடந்தா ரூல்ல எழுதிடறேன், அப்பால எவனும் பேசக் கூடாது. சொதப்பிச்சுன்னா கேட்ட மூடின மேனிக்கே பெவிகால் போட்டு ஒட்டிடுவேன், அப்பால நீங்க பேசக் கூடாது."

பவுனம்மாள் ஒத்துக்கொண்டாள். கூட ஒரு நிபந்தனை வந்தது. முப்பது சுற்று சுற்றுவதற்குள் பார்க்க வந்தவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள், கைப்பிடி வேண்டாம், மோட்டார் வைக்கலாம் என்றார்கள். நிலவன் பலகைக்கு அடியில் ஒரு குட்டி மோட்டாரும் மேலே ஒரு சிவப்புப் பொத்தானும் வைத்தான். அமுக்கினால் கம்பம் இறங்கும், மறுபடி அமுக்கினால் ஏறும். பேசுவதற்கு இரண்டு பழைய லேண்ட்லைன் போனை ஒயர் போட்டு இணைத்தான், ஒன்று ஸ்டேஷன் பலகையில், ஒன்று கேட்டில்.

பவுனம்மாளுக்குப் பொத்தான் பிடிக்கவேயில்லை. "ஒரே பொத்தான்ல மூட்றதும் தொறக்கறதும்னா, கை இன்னா பண்ணுச்சுன்னு எப்டிடா தெரியும்?"

"கண்ணால பாத்தா தெரியுதுக்கா" என்றான் நிலவன்.

எக்ஸிபிஷன் அன்று ஹாலில் நிற்க இடமில்லை. காசிமேடு, தண்டையார்பேட்டை என்று ஜனம் குடும்பத்தோடு வந்திருந்தது. பவுனம்மாள் யூனிபாரத்தைப் போட்டுக்கொண்டே வந்துவிட்டாள். கொடி இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஒரு நோட்டுத் தாளில் அவளே கலைத்துக் கலைத்து எழுதிய நம்பர்களை மடியில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். சுப்பராயன் ஸ்டேஷன் பலகையில் உட்கார்ந்து, நம்பரைக் கேட்டு நோட்டில் எழுதினார். காலையிலிருந்து மதியம் வரை இருபத்தாறு வண்டி, இருபத்தாறு நம்பர். ஜனத்துக்கு ரயிலைவிட இது பிடித்துவிட்டது. போன் மணி அடித்தால் பேச்சு நிற்கும். அவள் நம்பரைச் சொன்னதும் எல்லோரும் வண்டி வரும் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். பவுனம்மாளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை, ஆனால் முகத்தை உர்ரென்றுதான் வைத்திருந்தாள்.

வண்டியை ஓட்டுகிற கன்ட்ரோலர் லூயிஸ் கையில், அவன் மட்டும் திருந்தவில்லை. காலையில் இரண்டு தரம் சுப்பராயன் போனை வைப்பதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டான். அத்தனை பேர் முன்னால் சுப்பராயனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். "மூணாவது தபா பண்ணா கன்ட்ரோலர புடுங்கிடுவேன்" என்று அவர் சொன்னதை எல்லோரும் கேட்டார்கள்.

நாலு மணிக்கு மண்டபத்துக்காரர் ஆறுமுகநயினார் வந்தார். அவரை வரவேற்கச் சுப்பராயன் கீழே போனார். போகும்போது, போனையும் நீயே பார்த்துக்கொள் என்று லூயிசிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்த நேரம் பார்த்துத்தான் கேட்டுக்கு எதிரே அப்துல் வஹாப் வந்து நின்றான்.

"அட ஆண்டவா, இங்கயும் கேட்ட போட்டுக்கினு குந்திகினு கீறியாம்மா?" என்றான்.

யூனிபாரத்தில் இருந்த பவுனம்மாளுக்கு அவனை எதிரில் பார்த்ததும் நிஜக் கேட்டில் உட்கார்ந்திருக்கிற ஞாபகமே வந்துவிட்டது. "வா பாய். இங்கயும் கத்தறதுக்கு வந்தியா?"

"கத்தாம இன்னா பண்றது? வண்டி போயி எவ்ளோ நேரமாச்சு, இன்னும் மூடியே வெச்சிகினு கீற. அங்க பண்ற அதே வேல."

உண்மைதான். முன்னால் போன வண்டிக்கு மூடிய கேட்டை இவனைப் பார்த்ததில் அவள் இன்னும் திறக்கவில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் உடனே திறந்திருப்பாள். வஹாப் சொல்லித் திறப்பதா? "எப்ப தொறக்கணும்னு எனக்குத் தெரியும், உன் சோலிய பாரு" என்றாள். வஹாப் விடவில்லை. போன வாரம் அவள் கேட்டில் நாற்பது நிமிஷம் நின்றதையும், அதனால் துறைமுகத்தில் முறை தப்பிப் போய் இரண்டு நாள் லாரியிலேயே படுத்ததையும் ஆரம்பித்தான். அவள் அது மூணு வண்டி அடுத்தடுத்து வந்த நாள் என்று பதில் சொன்னாள். குரல் ஏறிற்று. சுற்றி நின்றவர்களுக்கு வேடிக்கை.

போன் அடித்தது. பவுனம்மாள் ஒரு கையால் எடுத்துக் காதில் வைத்தாள். "அக்கா, வண்டி வருது, கேட்ட மூடி நம்பர் குடு" என்றான் லூயிஸ். அவள் வஹாபைப் பார்த்து, "மூணு வண்டின்னு சொல்றேனே, மண்டைல ஏறுதா இல்லியா" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு கையால் பொத்தானை அமுக்கினாள். மோட்டார் எப்போதும் போல் கிர்ரென்றது. "அறுவத்து நாலு" என்று போனில் சொல்லி வைத்தாள். குனிந்து தாளில் அறுபத்து நாலை அடித்தாள்.

"ஆங், இப்ப தொறந்தியே, இத அப்பவே செய்றதுக்கு இன்னா" என்றான் வஹாப். பலகையில் வரிசையில் முதலில் நின்ற பொம்மை டிரெய்லரை ஒரு விரலால் தள்ளித் தண்டவாளத்தின் மேல் ஏற்றினான்.

பவுனம்மாள் நிமிர்ந்தபோது கம்பம் இரண்டும் மேலே நின்றன. மணலி புகைபோக்கியைச் சுற்றி நீல இன்ஜின் வந்துவிட்டது. அவள் கை சிவப்புக் கொடிக்குப் போயிற்று. இரும்பில் வார்த்த டிரெய்லரில் மோதி இன்ஜின் குப்புறச் சாய்ந்து, மேஜையிலிருந்து சிமெண்ட் தரையில் விழுந்தது. பின்னாலேயே மூன்று பெட்டி விழுந்தன.

ஹாலில் எல்லோரும் ஐயோ என்றார்கள், பிறகு நாலு பேர் சிரித்தார்கள். லூயிஸ் ஓடிவந்து இன்ஜினைக் கையில் எடுத்தான். அதன் கூரைமேல் கரண்ட் எடுக்கிற கம்பிச் சட்டம் முறிந்து, முன் சக்கரம் கழன்று தொங்கியது. ஒரு கப்பல் பயணம் முழுக்க எதுவும் வாங்காமல் இருந்து, திரும்புகிற வழியில் வெளிநாட்டுத் துறைமுகத்தில் வாங்கிய இன்ஜின் அது. அவன் முகம் செத்துப்போயிற்று.

சுப்பராயன் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். தரையைப் பார்த்தார், லூயிசைப் பார்த்தார். "நம்பர் வாங்கினியா?"

"வாங்கினேன் சார்."

"எய்தி வெச்சியா?"

லூயிஸ் நோட்டைப் பார்த்தான். எழுதவில்லை. எழுத வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை.

"உடான்ஸ் வுடாத. காத்தாலேர்ந்து ரெண்டு தபா வாங்கிக் கட்டிக்கினியே, புத்தி வந்துச்சா? ஒரு தபா, ஒரே ஒரு தபா போன எடுத்தா கொறஞ்சா பூடுவ?" சுப்பராயன் கத்தினார். ஆறுமுகநயினார் வேறு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்குத்தான் அந்தம்மா நாலு மாசமா தலப்பாடா அடிச்சிகிச்சு. பவுனம்மா, நீங்க சொன்னது நெசம். நாங்கதான் மதிக்கல. இனிமே நம்பர் இல்லாம இங்க ஒரு வண்டி நகராது. இப்பவே எயுதறேன்." நோட்டைப் பிரித்துப் பேனாவைத் திறந்தார்.

நாலு மாதம் அவள் கேட்டது இதுதான். ஒருத்தர் விடாமல் எல்லோர் காதிலும் விழும்படி கிடைத்துவிட்டது. அவள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும். சண்டைச் சத்தத்தில் அவள் போனில் சொன்ன நம்பர் யார் காதிலும் ஏறவில்லை, தாளும் அவள் மடியில் குப்புறக் கிடந்தது. அதைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. லூயிசும், நம்பர் வாங்கினேன் என்று ஒரு தரம் சொன்னதோடு சரி, மறுபடி சொல்லவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள் என்று அவனுக்கே தெரிந்திருந்தது. பவுனம்மாளுக்கு அவன்மேல்தான் ஆத்திரம் வந்தது. மரப்பாச்சி போல நிற்கிறானே, வாங்கின நம்பரை வாயைத் திறந்து சொல்ல மாட்டானா, சொன்னால் தனக்கு வேலை மிச்சமாகுமே என்று இருந்தது.

மடியில் கிடந்த தாளைக் கையால் அழுத்திக்கொண்டாள். பயம். பொம்மை விழுந்ததற்கா பயம்? அங்கே என்றால், என்று ஒரு நினைப்பு வந்தது. அங்கே நிஜக் கம்பம், நிஜ வண்டி, டிரெய்லருக்குப் பின்னால் ஷேர் ஆட்டோவில் ஒன்பது பேர். அந்த நினைப்பை அவளால் முடிக்க முடியவில்லை. அதே வாய்தான், அதே மூச்சில்தான் அறுபத்து நாலு என்று சொல்லியிருக்கிறது.

"சார், எயுதாதீங்க" என்றாள். எழுந்து நின்றாள். "அவன் நம்பர் வாங்கினான். அறுவத்து நாலு. நாந்தான் குடுத்தேன்."

சுப்பராயன் பேனாவோடு நிமிர்ந்தார். "கேட்டு?"

"தொறந்து கெடந்துச்சு."

நிலவன்தான் முதலில் வாயைத் திறந்தான். "அக்கா, அது பொத்தான் மிஸ்டேக்கு. ஏற்கெனவே மூடி இருந்துச்சு, நீ அமுக்கினதுல தொறந்துகிச்சு. ரெண்டு பொத்தானா வெச்சிருக்கணும், எம் மேல தப்பு."

"பொத்தானா நம்பர் குடுத்துச்சு?" என்றாள் பவுனம்மாள்.

"நாந்தாம்மா பேசிப் பேசி உன்ன..." என்று வஹாப் ஆரம்பித்தான்.

"நீ தெனமுந்தான் பேசற. பத்தொம்போது வருசமா எவன் எவனோ கத்திகினுதான் கீறான். ஒரு நாளு மாத்திக் குடுத்தனா? கேட்டு தொறந்திருந்துச்சு, நீ வண்டிய வுட்ட. உம் மேல ஒரு தப்பும் இல்ல." இந்த அம்மாள் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வருமென்று வஹாப் கனவிலும் நினைத்ததில்லை.

சுப்பராயன் நோட்டை மேஜைமேல் போட்டார். தலையைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, இத இத்தினி பேர் முன்னால சொல்லித்தான் ஆவணுமா? கேட்டது கெடச்சுது, குந்தியிருக்கக் கூடாதா? இப்ப நா இன்னாத்த எயுதறது?"

"நடந்தத எயுதுங்க. கேட்டுல இருந்தவ பாக்காம நம்பர் குடுத்துட்டா, அத்தொட்டு வண்டி வியுந்துச்சுன்னு எயுதுங்க. அப்பால பெவிகால் போடுவீங்களோ, இன்னா போடுவீங்களோ."

"ஒரு பொம்ம வண்டிக்கு இவ்ளோ அயிச்சாட்டியமா..." என்று அவர் முனகினார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து மேஜைக்கு அடியில் குனிந்தாள். தன் பலகையைப் பக்கத்துப் பலகையோடு இணைத்திருந்த போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தாள். "அங்க இப்டி ஆச்சுன்னா அன்னிக்கே எறக்கி வுட்ருவாங்க. இங்க மட்டும் குந்த வெச்சு சோறு போடுவீங்களா?" என்று குரல் மட்டும் மேஜைக்கு அடியிலிருந்து வந்தது. சுப்பராயன் கூப்பிட்டார், நிலவன் கூப்பிட்டான், வரவில்லை. ஒரு போல்ட் கழன்று வந்தது. கடல் காற்றில் துருப்பிடித்த இரண்டாவது போல்ட் அசையவில்லை. அதையும் திட்டினாள்.

தலைக்கு மேல் போன் அடித்தது.

அவள் எடுக்கவில்லை. யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தாள். நின்றது, மறுபடி அடித்தது. மேஜைக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். லூயிஸ் ஸ்டேஷன் பலகையில் சுப்பராயன் நாற்காலியில் உட்கார்ந்து ரிசீவரைக் காதில் வைத்திருந்தான். உடைந்த இன்ஜினைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்துவிட்டு, பெட்டியிலிருந்து பழைய டீசல் இன்ஜினை எடுத்து மாட்டியிருந்தான். விழுந்த பெட்டிகளும் தண்டவாளத்தில் ஏறியிருந்தன.

அப்துல் வஹாப் குனிந்து, தண்டவாளத்தின் மேல் கிடந்த டிரெய்லரை எடுத்துக் கோட்டுக்குப் பின்னால் பழைய இடத்தில் வைத்தான். "யம்மா, போன் அடிக்குது. எவ்ளோ நேரந்தான் நா நிக்கிறது?" என்றான்.

பவுனம்மாள் எழுந்தாள். உடனே போனை எடுக்கவில்லை. இணைப்பு ஆடுகிறபோது வண்டியை விட முடியாது, அந்த அறிவாவது இவர்களுக்கு இருக்கிறதா என்று முணுமுணுத்தபடி மறுபடி குனிந்து, கழற்றிய போல்ட்டைத் திரும்பப் போட்டு இறுக்கினாள். கையைப் புடவையில் துடைக்கப் போய், யூனிபாரம் என்று ஞாபகம் வந்து கைக்குட்டையைத் தேடித் துடைத்தாள். போன் அடித்துக்கொண்டேயிருந்தது.

"கேட்டு" என்றாள்.

"லூயிஸ் பேசறேன்க்கா. எட்டுப் பொட்டி வண்டி, எண்ணூர் பக்கம். கேட்ட மூடி நம்பர் குடு."

பொத்தானை அமுக்கினாள். கம்பம் இரண்டும் இறங்கின. ரிசீவரை மேஜைமேல் வைத்தாள். குனிந்து இந்தப் பக்கத்துக் கம்பத்தைப் பார்த்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேஜையைச் சுற்றிப் போய் அந்தப் பக்கத்துக் கம்பத்தைப் பார்த்தாள். விரலால் லேசாகத் தட்டிப் பார்த்தாள். அத்தனை ஜனமும் அவள் பின்னாலேயே கழுத்தைத் திருப்பியது, ஆறுமுகநயினார் உட்பட. திரும்பி வந்து ரிசீவரை எடுத்தாள்.

"எயுவத்தொண்ணு."

பேனா காகிதத்தில் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு லூயிஸ் கேட்டான், "கண்ணால பாத்தியாக்கா?"

பத்தொன்பது வருஷத்தில் அவளிடம் எத்தனையோ பேர் கத்தியிருக்கிறார்கள், இதை ஒருத்தரும் கேட்டதில்லை. நேற்று கேட்டிருந்தால், யாரைப் பார்த்துடா கேட்கிறாய் என்று அவனைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பாள். தாளில் எழுபத்தொன்றை அடித்தாள். அதற்கு மேல் அடிபட்டுக் கிடந்த அறுபத்து நாலு அவள் கண்ணில் பட்டது.

"பாத்தேன்" என்றாள். "வண்டிய வுடு."